சுஜாதாவும் எங்கள் லைன் வீட்டுப் பெண்களும்

1984-இல் 'விதி' படத்தின் வசனம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். காலடிப்பேட்டைக்குள் நுழையும் முனையில் இருந்த டீக்கடையில் அதன் நீதிமன்றக் காட்சியை டேப்பில் நாள் முழுக்க ஓட்டுவார்கள். ஷிப்ட் முடிந்து வரும் ஆண்கள் கையில் கிளாஸோடு நின்று கேட்பார்கள். தன்னை ஏமாற்றியவனைக் கூண்டில் ஏற்றும் பெண்ணாக பூர்ணிமா ஜெயராம், அவருக்காக வாதாடும் வக்கீலாக சுஜாதா. எதிர்த்தரப்பு வக்கீல் ஒருகாலத்தில் தன்னை ஏமாற்றியவர்தான் என்று சுஜாதா சபையில் உடைக்கும் இடம் வந்தால் டீக்கடையே அமைதியாகிவிடும்.

அதே வருடம் ஒரு ராத்திரி எதிர் வீட்டு அக்கா எங்கள் கதவைத் தட்டினார். உதடு கிழிந்திருந்தது. அம்மா அவரை எனக்கும் சுவருக்கும் நடுவில் படுக்க வைத்தார். விடிந்ததும் காபி கொடுத்து, "போம்மா கண்ணு, குடிச்சது இந்நேரம் தெளிஞ்சிருக்கும்" என்று அனுப்பிவைத்தார். எனக்கு ஒன்பது வயது. அம்மாவும் 'விதி' பார்த்து அழுதவர்தான்.

கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு 1983-இலேயே வந்துவிட்டது. எங்கள் லைனுக்கு அந்தச் சேதி வரவில்லை. தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டதோ 1992-இல். அதுவரை அடிபட்டவள் ஓடக்கூடிய தூரம் எதிர் வீடு வரைக்கும்தான்.

வளர்ந்தபிறகு இப்படிப்பட்ட படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். திரும்பத் திரும்ப சுஜாதாவின் முகமே வந்து நின்றது. பாலசந்தரின் 'அவர்கள்' 1977-இல் வந்தது. சுஜாதாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. ரஜினிகாந்த் நடித்த கணவன் ராமநாதன் கை ஓங்குவதைவிட வார்த்தையால் குத்துவதில் சுகம் காண்பவன். அனு விவாகரத்து வாங்கிக்கொண்டு குழந்தையோடு வாழப் பார்க்கிறாள். கதையின் பயங்கரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவன் திருந்தியவனாகத் திரும்பி வருகிறான், மெல்லப் பேசுகிறான், அவள் அமைத்துக்கொள்ள இருந்த புது வாழ்க்கையைக் கலைக்கிறான். வன்முறை வீட்டைவிட்டு வெளியேறியதும் முடிவதில்லை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னாலேயே வரும் என்பதை அந்தக் காலத்தில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறு தமிழ்ப் படம் நான் பார்த்ததில்லை. கடைசியில் அனு ரயில் ஏறுகிறாள். அவளோடு போவது இரண்டு காதலர்களில் ஒருவரும் இல்லை, ராமநாதனின் அம்மாதான் (லீலாவதி நடித்திருப்பார்).

இருபத்தோரு வருடம் கழித்து 'அவள் வருவாளா' (1998). அஜித், சிம்ரன் ஜோடிக்காகவும் பாட்டுக்காகவும் போன படம். தெலுங்கு 'பெள்ளி'யின் மறு ஆக்கம். கலகலப்பாக ஓடிக்கொண்டிருக்கும் கதையில் திடீரென்று தெரியவருகிறது: சிம்ரன் கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பி வந்தவள். அம்மா என்று சொல்லிக்கொண்டு கூடவே இருப்பவள் உண்மையில் மாமியார். மருமகளைக் காப்பாற்றத் தன் மகனின் கதையைத் தன் கையாலேயே முடிக்கும் அந்த மாமியார், சுஜாதா. அன்று ரயில் ஏறிய அனுவே வயதாகி இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்ததுபோல எனக்குத் தோன்றியது. (ரஜினிக்கு மனைவியாக நடித்த இவர் 2002-இல் 'பாபா'வில் அவருக்கு அம்மா. ரஜினி கதாநாயகனாகவே இருந்தார். இதையும் ஒரு வரலாறாகக் குறித்து வைக்கலாம்.)

இரண்டு படத்திலும் பெண்ணைக் காப்பது இன்னொரு பெண், அதுவும் கொடுமைக்காரனைப் பெற்றவள். மாமியார் என்றால் ஸ்டவ் வெடிக்கும் என்று பேசப்பட்ட காலத்தில் இது சாதாரணமான கற்பனை இல்லை. ஆனால் இரண்டு படத்திலும் வீட்டைவிட்டுப் போவது அவள்தான். ரயில் எந்த ஊரில் நிற்கும், அங்கே ஆண் துணையில்லாத இரண்டு பெண்களுக்கும் ஒரு குழந்தைக்கும் யார் வீடு கொடுப்பார்கள் என்று 'அவர்கள்' சொல்வதில்லை. எங்கள் லைனில் அக்காவைத் திருப்பி அனுப்பியது அந்தக் கேள்விதான்.

எங்கள் ஊரின் பெயரே ஓர் ஆணின் பெயர். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலட் பேட்டை, மருவிக் காலடிப்பேட்டை ஆனது. ரேஷன் கார்டு, கரண்ட் அட்டை, வாடகைச் சீட்டு, எல்லாம் எங்கள் லைனில் அதே வழக்கம்தான். 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அந்த இடத்தில்தான் கைவைத்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அதில் குடியிருக்க உரிமை உண்டு. தேவைப்பட்டால் கணவனை வெளியேறச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

அவன் போய் அவள் இருப்பதை நான் திரையில் பார்த்தது 2021-இல், வசந்த் இயக்கிய 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்' படத்தில். அதன் முதல் கதை அசோகமித்திரனின் 'விமோசனம்'. காளீஸ்வரி சீனிவாசன் நடித்த சரஸ்வதி, அடிக்க வரும் கணவனை ஒரே ஒருமுறை எதிர்த்துப் பேசுகிறாள். அவன் பேச்சை நிறுத்துகிறான். பிறகு வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறான். வக்கீலும் இல்லை, ரயிலும் இல்லை. அவள் அங்கேயே இருக்கிறாள்.

அம்மாவோடு உட்கார்ந்து என் போனில்தான் பார்த்தேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சரஸ்வதியின் கதை முடிந்ததும், "வாடகை அவ பேர்லயே மாத்திக்கினாளா?" என்று கேட்டார். படத்தில் அது வரவில்லை என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவ ரெண்டு நாள் இருக்கேன்னுதான் கேட்டா. உங்க அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்து இன்னா சொல்வாரோன்னு நான்தான் அனுப்பிட்டேன்" என்றார். எதிர் வீட்டு அக்கா அப்படிக் கேட்டது எனக்கு அன்றுதான் தெரியும்.