சிப்பிப் பெட்டியும் கொச்சித் துறையும்

வேம்பநாட்டுக் காயலின் கரையூர்களில் மட்டி ஓடுகள் குன்று குன்றாகக் குவிந்து கிடப்பதைக் கொச்சிப் பக்கம் குடியேறிய நம்மவர் பலரும் கண்டிருப்பர். சுண்ணாம்புக் காளவாய்க்கும் சிமிட்டி ஆலைக்கும் போகும் சரக்கு அது. அக்குவியலிலிருந்து கைநிறைய ஓடுகளை அள்ளி வந்து, ஒன்றோடு ஒன்றை இணை சேர்க்க முயன்று பாருங்கள். வடிவம் ஒன்றுபோலத் தோன்றும், அளவும் ஒத்திருக்கும். ஆயினும் மூட்டிப் பார்க்கும்போது ஓரம் சற்றே பிதுங்கும். அல்லது கீலில் உள்ள சிறு பற்கள் ஒன்றையொன்று இடறும். உயிரோடிருந்த காலத்தில் எந்த ஓட்டுடன் சேர்ந்து வளர்ந்ததோ, அந்த ஓட்டுடன் மட்டுமே அது பொருந்தும். ஆயிரம் ஓடுகள் இருப்பினும் அதற்கு இணை ஒன்றே.

மிக எளிய இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு ஒரு விளையாட்டையும், அவ்விளையாட்டுக்கென ஓர் அரிய பெட்டியையும், அப்பெட்டியைச் சுற்றி ஒரு திருமணச் சடங்கையும் சமைத்துக்கொண்டவர்கள் ஜப்பானியர். அப்பெட்டியின் கதையை நாம் கொச்சியிலிருந்து சொல்லத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அது போகப்போக விளங்கும்.

ஜப்பானிய மொழியில் 'கை' என்றால் சிப்பி. விளையாட்டின் பெயர் 'கை அவாஸே', அதாவது சிப்பி சேர்த்தல். பழைய ஹெய்யான் காலத்து அரண்மனை மகளிர் அழகிய சிப்பிகளைக் கொண்டுவந்து, அவற்றோடு கவிதையும் புனைந்து, எவருடையது சிறந்தது என்று ஒப்பிட்டு மகிழ்ந்தனர். அப்பெயர் முதலில் அந்தப் போட்டிக்கே உரியதாயிருந்தது. பிரிந்த ஓடுகளை இணை சேர்க்கும் ஆட்டத்துக்குக் 'கை ஓய்' என்று வேறு பெயர் வழங்கியது. பிற்காலத்தில் இரண்டும் கலந்து, முதற்பெயரே நிலைத்தது. ஆட்டத்துக்குக் கொண்ட சிப்பி 'ஹமாகுரி' என்னும் மட்டி. நம் தமிழ்நாட்டுக் கழிமுகங்களிலும் மலையாளக் கரையிலும் கிடைக்கும் மட்டிகளுள் அதே இனத்தைச் சேர்ந்தவையும் உண்டு.

முழுத் தொகுதி ஒன்றுக்கு 360 சிப்பிகள். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் 'தரைச் சிப்பி' என்றும் மறு பாதியை 'எடுப்புச் சிப்பி' என்றும் வகுப்பர். தரைச் சிப்பிகளைப் புறம் மேலாகத் தெரியுமாறு வட்டம் வட்டமாகப் பரப்பி, நடுவில் எடுப்புச் சிப்பி ஒன்றை வைப்பர். அதன் புறத்திலுள்ள வரியையும் நிறத்தையும் கண்ணால் அளந்து, இணையை எடுக்க வேண்டும். எடுத்ததைத் திருப்பினால் உட்புறத்தில் பொற்பூச்சின்மேல் தீட்டிய ஓவியம் தெரியும். இணை ஓட்டிலும் அதே ஓவியம் இருக்கும். பெரும்பாலும் 'கெஞ்ஜி மோனோகதாரி' என்னும் பழம்பெருங் கதையின் காட்சிகளே தீட்டப்பெற்றன. நம் வீடுகளில் சோழி உருட்டித் தாயம் ஆடுவோர்க்கு இதில் ஒரு வேறுபாடு தோன்றும். சோழி விழுவது விதியின் செயல். இங்கே விதிக்கு வேலையில்லை, கண்ணுக்கும் நினைவுக்குமே வேலை.

தரைச் சிப்பிகளுக்கு ஒன்று, எடுப்புச் சிப்பிகளுக்கு ஒன்று என இரண்டு பெட்டிகள். 'கைஓகே' என்று பெயர். எட்டுப் பட்டை கொண்டு, உயர்ந்து நிற்கும் மூடிபோட்ட மரப்பெட்டிகள் அவை. கருமையான மெருகின்மேல் பொன்துகள் தூவி எழுதிய படங்கள். கட்டுவதற்குப் பட்டுக் கயிறு. பிரபுக் குடும்பத்து மணமகளின் சீர்வரிசையில் இவற்றுக்கே முதலிடம். ஊர்வலத்தில் முன்னே செல்வது இந்த இணைப்பெட்டி. மணமகன் இல்லத்தை அடைந்ததும், இரு குடும்பத்துப் பெரியோரும் இதனை முறைப்படி கொடுத்து வாங்கிக்கொள்வது தனிச் சடங்கு. வேறெதனோடும் சேராத இணை என்பதால் சிப்பி இல்வாழ்க்கைக்கு அடையாளமாயிற்று. நாம் அருந்ததி காட்டுகிறோம். அவர்கள் சிப்பி கொடுத்தனுப்பினர்.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது, ஜப்பானை ஆண்ட ஷோகுன் தொகுகவா இயெமித்ஸு தம் மகள் சியோஹிமேக்கு அளித்த சீர்வரிசையில் உள்ளது. 'ஹட்ஸுனே' வரிசை என்று அதனை அழைப்பர். கோஆமி நாகஷிகே என்னும் குலத்தொழில் வல்லுநர் தலைமையில் ஆக்கப்பெற்றது. 1639ஆம் ஆண்டு அத்திருமணம் நடந்தபோது மணமகள் மழலை மாறாத குழந்தை. அவ்வரிசை இன்று நகோயா நகரத்தில் தொகுகவா கலைக்கூடத்தில் தேசியச் செல்வமாகக் காக்கப்படுகிறது. மகளுக்குப் பொன்னெழுதிய பெட்டி கொடுத்தனுப்பிய அதே 1639இல்தான், அந்த இயெமித்ஸுவின் அரசு போர்த்துகீசியக் கப்பல்கள் இனித் தன் கரையை நாடக் கூடாதென்று தடை விதித்தது. இங்கேதான் நம் கொச்சி கதைக்குள் வருகிறது.

அக்காலத்தில் ஜப்பானிலிருந்து புறப்பட்ட போர்த்துகீசியச் சரக்கு மக்காவ், மலாக்கா வழியாக இந்தியக் கரைக்கு வந்து, பருவக்காற்றுக்குக் காத்திருந்து, பிறகே ஐரோப்பாவுக்குச் சென்றது. கோவாவும் கொச்சியும் அப்பாதையின் தங்குதுறைகள். பொருள் மட்டுமன்றி மனிதரும் அவ்வாறே காத்திருந்தனர். 1582ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாகசாகியிலிருந்து உரோமைக்குத் தூது புறப்பட்ட நான்கு ஜப்பானியச் சிறுவர் 1583இல் கொச்சியை அடைந்து, காற்று மாறும் வரையில் ஏறக்குறைய அரையாண்டு இங்கே தங்கினர். இதோ மான்சியோ, சிஜிவா மிகுவெல், நாகவுரா ஜூலியன், ஹாரா மார்த்தினோ என்பன அவர்தம் பெயர்கள். போப்பாண்டவருக்கென ஓவியத் திரைகள் அவர்களுடைய தூதின் காணிக்கையாகச் சென்றன. 1584ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொச்சியிலிருந்தே அவர்கள் லிஸ்பனுக்குக் கப்பலேறினர்.

அவர்கள் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1579இல், இதே கொச்சியில் தமிழ் நூல் ஒன்று தமிழ் எழுத்தில் அச்சேறியிருந்தது. அண்டிரிக்கி அடிகளார் ஆக்கிய 'கிரிசித்தியானி வணக்கம்' அது. அத்தூதர்களும் 1590இல் தாயகம் திரும்பியபோது ஓர் அச்சுப்பொறியை உடன்கொண்டு சென்றனர். ஜப்பானில் ஐரோப்பிய முறை அச்சு அதனால் தொடங்கியது. கொச்சியில் வாழும் தமிழர் போர்ட் கொச்சிக் கடற்கரையில் உலவும்போது எண்ணி மகிழத்தக்க செய்தி இது.

போர்த்துகீசியரின் சுவைக்கென ஜப்பானியர் செய்து கொடுத்த மெருகுப் பேழைகளை 'நான்பன்' வேலை என்பர். 'தெற்கத்திக் காட்டுமிராண்டி' என்பது அச்சொல்லின் பொருள். வாங்கியவர்க்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ! கரிய மெருகில் முத்துச்சிப்பித் துண்டுகளை நெருக்கமாகப் பதிக்கும் அவ்வேலைக்குக் குஜராத்துச் சிப்பிப் பதிப்பு வேலை ஒரு முன்மாதிரி என்று கலை வரலாற்றினர் கருதுவர். எனவே, இந்தியக் கைவண்ணம் ஜப்பான் வரை சென்று, ஜப்பானியப் பேழையாக மாறி, மறுபடியும் இந்தியத் துறைமுகம் வழியாக மேற்கே போயிற்று.

சொல்லின் வரலாறு இதைவிட வியப்பானது. இம்மெருகுக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'லாக்கர்' என்னும் பெயர், போர்த்துகீசியரின் 'லாக்கா' வழியாக, நம் நாட்டு 'லாக்ஷா' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. லாக்ஷா என்பது அரக்கு. பாண்டவரை எரிக்கச் சமைத்த மாளிகைக்கு வாய்த்த அதே அரக்கு. அது புரசு, இலந்தை முதலிய மரங்களில் ஒட்டி வாழும் சிறு பூச்சியின் கசிவு. ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்தில் அதற்கென 1924இல் ஓர் ஆராய்ச்சி நிலையமே நிறுவப்பெற்றது. ஜப்பானியரின் மெருகோ பூச்சியிடமிருந்து வருவதன்று. 'உருஷி' என்னும் மரத்தின் பால் அது. பெயர் நம்முடையது, பொருள் அவர்களுடையது.

உருஷி மரம் நம் மாவுக்கும் முந்திரிக்கும் சேங்கொட்டைக்கும் ஒரே குடும்பத்து உறவு. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் புண்ணாவதை நம் நாட்டு வண்ணார் அறிவர். துணியில் அவர்கள் இட்ட குறி எத்தனை வெளுப்புக்கும் அழியாததையும் நாம் அறிவோம். உருஷிப் பாலும் அவ்வாறே பச்சையாக இருக்கையில் தோலைக் கொப்பளிக்கச் செய்யும்; இறுகியபின் சாராயமும் அமிலமும் அதனை அசைக்கமாட்டா. மற்றப் பூச்சுகளெல்லாம் வெயிலில் காய, இதுமட்டும் ஈரக்காற்றில்தான் இறுகும். ஆகவே ஈரமூட்டிய அறைக்குள் வைத்து, ஒரு பூச்சு இறுகியபின் தேய்த்து, மறு பூச்சுப் பூசி, இவ்வாறு பல தடவை செய்ய வேண்டும். மேற்பூச்சு ஈரமாக இருக்கும்போதே பொன்துகளைத் தூவிப் படமெழுதுவது 'மாகியே' வேலை. ஒரு பெட்டிக்கு மாதங்கள் பல ஆனதில் வியப்பில்லை.

1639க்குப் பின் ஜப்பானுடன் வாணிகம் செய்ய உரிமை பெற்ற ஐரோப்பியர் டச்சுக்காரர் மட்டுமே. 1641 முதல் நாகசாகித் துறையில் தேஷிமா என்னும் சிறு தீவில் அவர்களை ஒதுக்கி வைத்திருந்தனர். அவர்களுடைய கிழக்கிந்தியத் தலைமை ஆளுநர் வான் டீமன் தம் மனைவி மரியாவின் பெயர் பொறித்து ஜப்பானில் செய்வித்த பேழை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் இருக்கிறது. 1663 ஜனவரியில் அதே கம்பெனியாரின் படை கொச்சிக் கோட்டையைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது. 1795இல் ஆங்கிலேயர் வரும் வரையில் கொச்சி அவர்கள் கையில் இருந்தது.

ஆனால் டச்சுக் கப்பல்கள் நம் கரைகளில் இறக்கி விற்ற ஜப்பானியப் பொருள் பொற்பெட்டியன்று, செம்பு. பாளம் பாளமாக நாகசாகியிலிருந்து வந்த செம்பு மலையாளக் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் காசாகவும் குடமாகவும் உருவெடுத்தது. மாற்றாக நம் துணி அங்கே சென்றது. கோடிட்ட பருத்தித் துணியொன்றை ஜப்பானியர் 'சான்தோமே' என்றே அழைத்தனர். சென்னையில் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம்தான் அது! அத்துணியின் கோடுகளை எடோ நகரத்தார் விரும்பி உடுத்து, பின்னர்த் தாமே நெய்யவும் கற்றுக்கொண்டனர். பெயரை மட்டும் மாற்றவில்லை. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. சீனர் செய்த மெருகுத் திரைகளை ஐரோப்பியர் இன்றும் 'கோரமண்டல்' திரை என்பர். நம் சோழமண்டலக் கரையில் கப்பல் மாறியதைத் தவிர அத்திரைக்கும் நமக்கும் வேறு தொடர்பில்லை.

கீழைநாட்டுக் கலைப்பொருள் ஒன்று கடந்து போகாமல் மட்டாஞ்சேரியிலேயே நிலைத்ததைக் காண விரும்புவோர், 1568இல் கட்டிய பரதேசி யூதர் கோயிலின் தரையைப் பார்க்கட்டும். எசக்கியேல் ரஹாபி என்னும் வணிகர் 1762இல் சீனத்துக் காண்டன் நகரிலிருந்து வருவித்துப் பதித்த வெண்ணீல ஓடுகள் அங்கே உள்ளன. ஒவ்வொன்றும் கையால் தீட்டியது.

அக்கோயிலுக்குச் செல்லும் யூதத் தெருவில் இன்று பழம்பொருட் கடைகளே மிகுதி. இஸ்ரேல் நாடு 1948இல் தோன்றியபின், அத்தெருவினருட் பெரும்பாலோர் படிப்படியாக அங்கே பெயர்ந்து சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற அலமாரிகளும் விளக்குகளும் ஒருபுறம்; மலையாள நாட்டுப் பழவீடுகள் இடிபட்டபோது வந்த நெட்டூர்ப் பெட்டிகள் மறுபுறம். நெட்டூர்ப் பெட்டியும் மணமகள் நகை வைப்பதற்கு உரியதே. பித்தளைப் பட்டமும் கூம்பிய மூடியும் செவ்வரக்குப் பூச்சுமாக அது தனி அழகுடையது. அதனைச் சீனப் பெட்டி என்றோ ஜப்பான் பெட்டி என்றோ மயங்க வேண்டியதில்லை. அரக்குப் பூச்சு சாராயம் பட்டால் இளகும், வெந்நீர் பட்டால் வெளுக்கும். உருஷி இரண்டுக்கும் அசையாது. கடைக்காரர் முன்னிலையில் சாராயம் தடவிச் சோதிப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை!

ஜப்பானியப் பெட்டிகளுக்கும் இதே கதி நேர்ந்தது. 1868இல் ஷோகுன் ஆட்சி மாறியபின், வருவாய் இழந்த பிரபுக் குடும்பங்கள் பாட்டியின் சீர்வரிசையை விற்றன. வெளிநாட்டார்க்குப் பெட்டியின் பொன்வேலை மட்டுமே கண்ணில் பட்டது. இரட்டைப் பெட்டிகளைத் தனித்தனியே விற்றனர். சிப்பிகளைக் கொட்டிவிட்டுப் பூந்தொட்டிக்கு உறையாகவும் வைத்தனர். உள்ளிருந்த சிப்பிகளும் ஒன்றிரண்டாகச் சிதறின. 359 இணை கிட்டினும், ஓர் ஓட்டை இழந்தால் அதற்கு மாற்று ஓடு எக்கடலிலும் இல்லை. தனித்து நிற்கும் கைஓகே ஒன்றை வாங்க நேர்ந்தால், அதன் மறுபாதி யாரிடம் என்று கேட்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். விலை கேட்பது பிறகு.

போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததனால் மலையாளத்தார் பறங்கிமாவு என்று பெயரிட்ட முந்திரிக்கு இக்கதையில் இன்னும் ஓர் இடம் உண்டு. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைப் பக்குவம் செய்து உருஷிக்கு மாற்றாகப் பூசும் முறையை ஜப்பானியர் 20ஆம் நூற்றாண்டில் கண்டனர். அப்பூச்சுக்கு அவர்கள் இட்ட பெயரே 'கஷ்யூ' என்பது. விலை மலிந்த இன்றைய கிண்ணங்களும் பெட்டிகளும் பல அவ்வாறு மெருகேறியவையே.

ஆண்டுதோறும் மார்ச் 3ஆம் நாள் ஜப்பானிய வீடுகளில் பெண்குழந்தைகளுக்காகப் பொம்மைத் திருநாள் கொண்டாடுவர். நம் நவராத்திரிக் கொலுவைப் போலவே படிவரிசை. மேற்படியில் அரசனும் அரசியும். கீழ்ப்படிகளில் மணப்பெண்ணின் சீர்வரிசை சிறிய உருவில். அவற்றினிடையே விரற்கடை உயரமுள்ள எட்டுப்பட்டைப் பெட்டிகள் இரண்டை ஒன்றன் அருகே ஒன்றாக வைப்பதுண்டு. அன்று உணவில் ஹமாகுரிச் சாறும் உண்டு. கிண்ணத்தில் சிப்பியின் இரண்டு ஓடுகளும் பிரியாமல் இருக்கும்படி பார்த்துப் பரிமாறுவர்.