கடலைக் கட்டியவர்கள்

சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் போடுவதற்கென்றே ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு அரசாங்கம். ஏதோ ராஜா ராணி காலத்துச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுத்தது சாட்சாத் வெள்ளைக்காரன். வருடம், 1800-களில்!

தூத்துக்குடிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது தருவைகுளம். அதற்கு எதிரே விரிந்து கிடக்கும் மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து சில மைல் தள்ளி, கடலடியில் பாறைத் திட்டுகள் உண்டு. 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பி அங்கேதான் ஒட்டிக்கொண்டு வளரும். தூத்துக்குடிக்காரர்களுக்குத் தொலாயிரம் பார் தெரிந்திருக்கும். முத்துக்குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, 25 அடியிலிருந்து 60 அடி ஆழம் வரை இறங்குவார். சுமார் ஒரு நிமிஷம். கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைப்பைக்குள் அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தால், மேலே படகில் இருப்பவர் தூக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை இதே பிழைப்பு.

சிலிண்டர் கிடையாது. கண்ணாடி கிடையாது. கையில் ஆயுதம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. எதிரே சுறா வந்தால்?

காட்டுக்குப் போகிறவர்கள் புலிக்கும் கரடிக்கும் வாய்க்கட்டு மந்திரம் வைத்திருந்த ஊர் இது. கடலுக்குப் போகிறவர்கள் சும்மா இருப்பார்களா? 'கடல் கட்டி' என்று ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். கடலைக் கட்டுகிறவர். வடக்கத்தியர் மொழியில் 'ஹை பந்தா'. அதாவது சுறாவைக் கட்டுகிறவர்.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதைப் பார்த்துவிட்டு வரவு செலவுக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார். எடுக்கிற முத்தில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. நூறு முத்து எடுத்தால் ராஜாவுக்குப் பத்து, மந்திரவாதிக்கு ஐந்து. நாட்டையே ஆள்கிறவர் வாங்குவதில் சரிபாதி!

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. அந்த ஐந்து சதவிகிதத்துக்குப் பெயர் பிரீமியம். இன்ஷூரன்ஸ் கம்பெனி என்ற ஒன்றே இல்லாத காலத்தில், குளிப்பவர் பயமில்லாமல் தண்ணீரில் இறங்க வியாபாரி கட்டிய பிரீமியம். குளிப்பவர் இறங்கவில்லை என்றால் வியாபாரிக்கு ஏது முத்து?

போலோ சொல்லும் இன்னொரு விஷயம் இதைவிடச் சுவாரசியம். மந்திரம் பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் ஆனால் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். சுறா இஷ்டத்துக்குத் திரியலாம். காரணம்? ராத்திரியில் எவனும் திருட்டுத்தனமாகச் சிப்பி எடுக்கக் கூடாது! பகலில் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை, ராத்திரியில் ஆபத்து உண்டு என்ற பயம். இரண்டையும் ஒரே ஆள் விற்றார். சம்பளம் வாங்காத வாட்ச்மேன், சுறா.

போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1530-களில் பரதவர்கள் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர். கொடி மாறியது, கோயில் மாறியது. கடல் கட்டி மாறவில்லை.

இலங்கைப் பக்கம் அரிப்பு என்ற ஊரில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்கும்போது நம் கரையிலிருந்தும் ஆட்கள் போவார்கள். அதைப் பற்றி 1803-ல் எழுதிய ராபர்ட் பெர்சிவல் என்ற ராணுவ அதிகாரி, மந்திரவாதிகள் காலையிலிருந்து கரையில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள் என்கிறார். அன்னம் தண்ணீர் தொடக்கூடாது என்பது விதி. ஆனால் நடுநடுவே கள் மட்டும் உள்ளே போகுமாம்!

இலங்கையில் காலனி அரசின் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட்டின் அனுபவம் இன்னும் தமாஷ். இந்த வேலை ஒரே குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. அப்போதைய தலைவர் ரோமன் கத்தோலிக்கர். டென்னன்ட் போன சமயம் அவருக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு வேறொரு ஆளை அனுப்பியிருந்தார். 'உனக்கு மந்திரம் தெரியுமா?' என்று கேட்டால், 'தெரியாது. ஆனால் நான் அவருடைய பிரதிநிதி என்பது சுறாக்களுக்குத் தெரியும். மரியாதை கொடுக்கும்' என்று பதில் வந்ததாம்.

சிரிப்பு வருகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். டென்னன்ட் எழுதுகிற வரைக்கும், ஆங்கிலேயர் ஆட்சியின் சுமார் அறுபது வருடத்தில், முத்துக்குளிப்பில் சுறா தாக்கியதாக உறுதியான சம்பவம் ஒன்றே ஒன்றுதான்!

மந்திரமா? நூற்றுக்கணக்கான படகுகள், தொப் தொப்பென்று விழும் கற்கள், ஒரே கூச்சல். அத்தனை ரகளைக்கு நடுவில் சுறாவுக்கு என்ன வேலை? காட்டு மிருகமோ கடல் மிருகமோ, பெரும்பாலும் மனிதனைக் கண்டால் விலகிப் போகத்தான் பார்க்கும். விலக வழியில்லாமல் போகும்போதும், நாம் ரொம்பக் கிட்டே போய்விடும்போதும்தான் விபரீதம்.

உண்மையில் குளிப்பவரை வதைத்தது வேறு. மேலே வரும்போது மூக்கிலும் காதிலும் வாயிலும் ரத்தம் வரும் என்று பெர்சிவலே எழுதியிருக்கிறார். தண்ணீரின் அழுத்தத்தில் செவிப்பறை கிழியும். கூட்டம் கூடிய கரையில் காலரா வேறு. அதற்கெல்லாம் மந்திரம் போட ஆளும் இல்லை, அதற்கென்று ஒரு சதவிகிதம் ஒதுக்கவும் இல்லை. சுறா பயம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. காது போனது காது போனவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. சிப்பியும் போச்சு, கடல் கட்டியும் போயாச்சு. சுறா?

1975-ல் 'ஜாஸ்' படம் வந்து உலகத்தையே கரையில் உட்கார வைத்தது. கதை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்பாடு வருத்தப்பட்டு, சுறாவைக் காப்பாற்றுங்கள் என்று பிரசாரம் செய்தார். கணக்கைப் பார்த்தால் அவர் வருத்தம் புரியும். தானாக வந்து மனிதனைச் சுறா கடிப்பது உலகம் முழுக்க வருடத்துக்கு அறுபது, எழுபது முறை. இறப்பவர்கள் சராசரியாக ஐந்தாறு பேர். மனிதன் கொல்லும் சுறா, வருடத்துக்குச் சுமார் 8 கோடி. ஆழ்கடல் சுறாவும் திருக்கையும் 1970-லிருந்து அரை நூற்றாண்டில் 71 சதவிகிதம் குறைந்துவிட்டதாக 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. திமிங்கலச் சுறாவையும் வேளா மீனையும் 2001-ல் புலி, யானையோடு ஒரே பட்டியலில் வைத்துப் பாதுகாக்க வேண்டி வந்தது.

தருவைகுளத்துக்காரர்கள் இன்றைக்கு வழிவலை போட்டு, நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கிறார்கள். அவர்களுடைய பயமும் மாறிவிட்டது. 2023 அக்டோபரில் இந்த ஊர்ப் படகு ஒன்று மாலத்தீவு எல்லைக்குள் போய்விட்டது என்று 12 பேரைப் பிடித்தார்கள். படகுக்கு விதித்த அபராதம் நம் பணத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல். கடலில் கோடு எங்கே என்று மீனுக்கும் தெரியாது, ராத்திரியில் வலையோடு மிதக்கிறவருக்கும் சட்டென்று தெரியாது.

இந்த ஆபத்துக்குக் கடல் கட்டி யாரும் இல்லை. ஆனால் அந்தப் பழைய குடும்பத்தில் யாராவது மிச்சம் இருந்தால், இப்போது அவர்களைத் தேடி வர வேண்டியது சுறாதான். மனுஷனுக்கு ஒரு வாய்க்கட்டு போடச் சொல்லி.