சென்னைக் கடற்கரை ஆமைக் கண்காணிப்பு

சென்னையின் தென்பகுதிக் கடற்கரையில் முட்டையிட வரும் கடலாமைகளின் கூடுகளையும், கரை ஒதுங்கும் ஆமைச் சடலங்களையும் ஆண்டுதோறும் தேடிப் பதிவுசெய்யும் பணி. இங்கு வருபவை பெரும்பாலும் லெபிடோகெலிஸ் ஒலிவாசியா என்ற இனம். மீனவர் வழக்கில் பங்குனி ஆமை. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் இவ்வினம் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் கரையேறும். சென்னையிலோ ஒரே இரவில் சில ஆமைகள் தனித்தனியே வந்து போகும். சில இரவுகளில் ஒன்றுகூட வராது. அதனால்தான் இங்கே எண்ண வேண்டுமானால் நடந்தாக வேண்டும்.

நடை தொடங்கியது 1970களின் முற்பகுதியில். ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்கள் இரவில் கரையோரம் நடந்து கூடுகளைத் தேடினர். பின்னாளில் இந்தியக் கரைகள் பலவற்றை ஆமைகளுக்காகவே சுற்றிவந்த சதீஷ் பாஸ்கர் அவர்களில் ஒருவர். அப்போது முட்டைகளைத் தோண்டி எடுத்து விற்பது சர்வசாதாரணம்; மனிதர் விட்டதை நாய்கள் தின்றன. ஆகவே எண்ணுவதோடு நிற்காமல், முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிப் பொரிக்கவைக்கும் வழக்கமும் கூடவே வந்தது. 1980களில் வனத்துறை பொரிப்பகம் நடத்தியது. அது நின்ற பிறகு, 1988 வாக்கில் மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினர். சூழலியலாளர் கார்த்திக் சங்கர் அதன் தொடக்ககால உறுப்பினர். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையே அதன் முதன்மையான களம்.

ஜனவரி முதல் மார்ச் வரை, சில ஆண்டுகளில் ஏப்ரலிலும், நள்ளிரவையொட்டி நடை தொடங்கும். டார்ச் அடிப்பதில்லை, வெளிச்சம் கண்டால் ஆமை திரும்பிப் போய்விடும். ஈர மணலிலிருந்து மேலேறும் டிராக்டர் தடம் போன்ற அச்சுதான் முதல் அடையாளம். ஏறிய தடமும் இறங்கிய தடமும் இருந்து, நடுவே மணல் கலைந்திருந்தால் அங்கே கூடு இருக்கலாம். மெல்லிய கோலால் பார்த்துப் பார்த்துக் குத்துவார்கள். இறுகிய மணலில் தடைபடும் கோல், கூட்டின் வாயில் சட்டென்று இறங்கும். பிறகு கையாலேயே தோண்டல். ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில், குடுவை வடிவக் குழியில் நூறு முட்டைகளுக்கு மேல் இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் எடுத்து, பொரிப்பகத்தில் அதே அளவுக் குழியில் வைக்க வேண்டும். தாமதமாகப் புரட்டினால் கரு சேதமாகும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். பொரியாத முட்டைகளையும் தோண்டி எண்ணிய பிறகே அந்தக் கூட்டின் பதிவு முடியும்.

பொரிப்பகத்தைக் குறையற்ற ஏற்பாடாகக் கருத முடியாது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது: சுமார் 29 டிகிரி செல்சியஸுக்கு மேல் பெண்கள் மிகும், அதற்குக் கீழ் ஆண்கள். கூடுகளை ஒரே இடத்தில் குவிக்கும்போது அந்தச் சூட்டுக்கும் மனிதரே பொறுப்பாகிறார்கள். ஆனால் தெருவிளக்கை நோக்கி ஊர்ந்து சாலையில் நசுங்கும் குஞ்சுகளைப் பார்த்தவர்கள், நகரக் கரையில் கூட்டை இருந்த இடத்திலேயே விடச் சொல்லத் தயங்குவார்கள்.

இத்தனை ஆண்டுக் கணக்கைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். கூடுகளின் எண்ணிக்கை ஆமைகளின் எண்ணிக்கை ஆகாது. ஒரே ஆமை ஒரு பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடும். நடக்கும் தூரமும் இரவுகளும் கூடினால் கூடுகளும் கூடியதுபோலத் தெரியும். பங்குனி ஆமை பருவமடையப் பத்தாண்டுக்கும் மேலாகும் என்பதால், இன்று விட்ட குஞ்சுகளின் பலன் நாளைய கணக்கில் வராது. ஓரிரு பருவத்தின் ஏற்றத்தைக் காட்டி ஆமை பெருகிவிட்டது என்று எழுதும் செய்திகளைச் சற்று ஐயத்தோடு படிப்பதே நல்லது.

சடலக் கணக்கு தனி. ஓட்டின் நீளம் அளக்கப்படும். நீண்ட வாலிருந்தால் முதிர்ந்த ஆண். மறுநாள் அதையே மீண்டும் எண்ணாதிருக்கச் சாயம் பூசுவதுண்டு. 2025 ஜனவரியில் சென்னை வட்டாரக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. மூச்சுவிட மேலே வர முடியாமல் இழுவலையில் சிக்கி மூழ்குவதே இத்தகைய சாவுகளுக்கு முக்கியக் காரணம். கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் இழுவலைக்குத் தடை இருக்கிறது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் அந்தக் கரையோர நீரில்தான். கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15 அன்றுதான் தொடங்குகிறது. அதற்குள் பெரும்பாலான தாய் ஆமைகள் முட்டையிட்டுத் திரும்பியிருக்கும்.