வலையமைப்புக் கண்காணிப்பில் தனிப்பயன் வரைபடங்களின் வரலாறு

வலையமைப்புக் கண்காணிப்பு வரைபடம் என்பது ரூட்டர் எனப்படும் திசைவி, சுவிட்ச், வழங்கி ஆகிய கருவிகளிலிருந்து குறித்த இடைவெளியில் திரட்டப்படும் எண்களை நேர வரிசையில் கோடாகக் காட்டும் படமாகும். மென்பொருளோடு வரும் ஆயத்தப் படங்கள் போதாதபோது, எந்த அளவீடுகளை எந்த நிறத்தில், எந்த அச்சில் வரைய வேண்டும் என்பதை நிர்வாகியே முடிவு செய்து அமைப்பது தனிப்பயன் வரைபடம் எனப்படுகிறது.

பின்னணி

1980களின் இறுதியில் இணையத்தில் இணைந்த கருவிகளின் எண்ணிக்கை பெருகியது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒரே முறையில் விசாரிக்க 1988இல் எஸ்.என்.எம்.பி. என்னும் எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை வெளியிடப்பட்டது. இதன்படி கருவியின் ஒவ்வொரு அளவீட்டுக்கும் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஓர் எண் முகவரி உண்டு. ஓர் இடைமுகத்தில் இதுவரை நுழைந்த பைட்டுகள் எத்தனை, வெளியேறியவை எத்தனை என்பதைக் கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். இரு முறை கேட்டு, வேறுபாட்டை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். எண்கள் இவ்வாறு கிடைத்தாலும், அவற்றைப் படமாகக் காட்டும் எளிய, இலவசக் கருவி தேவைப்பட்டது.

எம்.ஆர்.டி.ஜி.

1994இல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வெளியுலகத் தொடர்புக்கு நொடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள ஒரே இணைப்பு இருந்தது. அது எவ்வளவு நெரிசலில் உள்ளது என்பதை அறிய எல்லோரும் விரும்பினர். அங்குப் பணியாற்றிய டோபியாஸ் ஓட்டிகர், இணைப்பின் பளுவை வலைப்பக்கத்தில் தொடர்ந்து வரைந்து காட்டும் நிரலை எழுதினார். 1995இல் அது எம்.ஆர்.டி.ஜி. என்ற பெயரில் வெளியானது. முழுவதும் பெர்ல் மொழியில் இருந்ததால் மெதுவாக இயங்கியது. 1996இல் டேவ் ராண்ட் அதன் நேரம் தின்னும் பகுதிகளை சி மொழியில் மாற்றி எழுத, வேகம் ஏறத்தாழ 40 மடங்கானது.

உள்வரும் போக்குவரத்துக்குப் பச்சைப் பரப்பும் வெளிச்செல்வதற்கு நீலக் கோடும் கொண்ட அதன் படம் பல நாடுகளின் நிர்வாகிகளுக்குப் பழக்கமானது. அமைவுக் கோப்பில் வேறு முகவரிகளைக் கொடுத்துச் செயலியின் பளு, வெப்பநிலை ஆகியவற்றையும் வரையலாம். தனிப்பயன் வரைபடத்தின் தொடக்கம் இதுவே. ஆனால் ஒரு படத்தில் இரண்டு அளவீடுகளுக்கு மட்டுமே இடமிருந்தது.

ஆர்.ஆர்.டி.டூல்

இக்குறையைத் தீர்க்க ஓட்டிகர் 1999இல் ஆர்.ஆர்.டி.டூலை வெளியிட்டார். சேமிப்பு, வரைதல் ஆகிய இரண்டும் இதில் தனித்தனி வேலைகளாயின. தரவுக் கோப்பு வட்டம்போல் இயங்கும். இடம் நிரம்பியதும் மிகப் பழைய எண்ணின் மேல் புதிய எண் எழுதப்படும். ஆகவே கோப்பின் அளவு வளர்வதில்லை. எத்தனை அளவீடுகளையும் ஒரே படத்தில் வரையலாம்; அடுக்கிக் காட்டலாம்; பைட்டை எட்டால் பெருக்கிப் பிட்டாக மாற்றுவது போன்ற கணக்குகளையும் வரையும்போதே செய்யலாம்.

ஆனால் இதன் கட்டளைகள் நீளமானவை. 2001இல் இயன் பெர்ரி தொடங்கிய காக்டை, ஆர்.ஆர்.டி.டூலுக்கு வலை இடைமுகம் தந்தது. ஒருமுறை அமைத்த வார்ப்புருவை நூற்றுக்கணக்கான கருவிகளுக்குப் பயன்படுத்தும் வழி இதில் பரவலானது. அதே 2001இல் அலெக்ஸி விளாடிஷேவின் சாபிக்ஸ் பொதுவெளிக்கு வந்தது. சாபிக்ஸ் ஒரே அளவீட்டுக்கான படத்தைத் தானே வரையும். பல அளவீடுகளைச் சேர்த்து நிர்வாகி அமைப்பதையே அது தனிப்பயன் வரைபடம் என்று அழைக்கிறது.

தவறாகக் காட்டும் படங்கள்

வரைபடம் எப்போதும் உண்மையைச் சொல்வதில்லை. தொடக்ககால எண்ணிகள் 32 பிட் கொண்டவை. ஏறத்தாழ 429 கோடி பைட்டுகளில் நிரம்பி மீண்டும் சுழியத்தில் தொடங்கும். முழு வேகத்தில் ஓடும் 100 மெகாபிட் இணைப்பில் இது ஆறு நிமிடத்துக்குள் நிகழும்; 1 ஜிகாபிட்டில் 34 நொடிகளில் நிகழும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் மென்பொருள் ஒரு சுற்றை ஊகித்துத் திருத்தலாம். நடுவில் எட்டுச் சுற்றுகள் முடிந்திருந்தால் அதை அறியாது. முற்றிலும் நிரம்பித் திணறும் ஜிகாபிட் இணைப்பு, படத்தில் ஏறத்தாழ 84 மெகாபிட் அளவில் அமைதியாகத் தெரியும். இதற்காகவே 64 பிட் எண்ணிகள் வரையறுக்கப்பட்டன. அதிவேக இடைமுகங்களுக்கு வரைபடம் அமைப்பவர் அவற்றின் முகவரியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மற்றொன்று சராசரியின் சிக்கல். இடத்தை மிச்சப்படுத்தப் பழைய தரவுகள் சராசரியாகச் சுருக்கப்படுகின்றன. ஒரு நாளில் ஐந்து நிமிடம் மட்டும் 100 மெகாபிட் ஓடி மற்ற நேரம் இணைப்பு வெறுமையாக இருந்தால், நாள் சராசரி 0.35 மெகாபிட்தான். ஓராண்டுப் படத்தில் அந்த நெரிசல் நடந்ததற்கான தடயமே இராது. உச்ச மதிப்புகளையும் சேமிக்குமாறு தொடக்கத்திலேயே அமைத்திருந்தால்தான் அது தெரியும். அழிந்த எண்ணைப் பின்னர் மீட்க இயலாது.

இதில் பணமும் அடங்கியுள்ளது. இணைய இணைப்புக்கான கட்டணம் பல இடங்களில் 95ஆம் விழுக்காட்டு முறையில் கணக்கிடப்படுகிறது. 30 நாள் மாதத்தின் 8,640 ஐந்து நிமிட அளவீடுகளில் மிக உயர்ந்த 432 நீக்கப்பட்டு, எஞ்சியவற்றுள் உயர்ந்ததற்கு விலை போடப்படும். சுருக்கப்பட்ட தரவைக் கொண்டு அந்த ரசீதைச் சரிபார்க்க முடியாது.

பிற்கால வளர்ச்சி

2008இல் திறந்த மூலமாக வெளிவந்த கிராஃபைட், 2014இல் டோர்கெல் ஓடெகார்ட் வெளியிட்ட கிராஃபானா ஆகியவை உலாவியிலேயே படங்களை வரைந்து மாற்றும் வசதியைப் பரவலாக்கின. கருவிகள் மாறினாலும் தனிப்பயன் வரைபடம் அமைப்பவர் முடிவு செய்ய வேண்டியவை மாறவில்லை: எதை அளப்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அளப்பது, எதை மறக்க அனுமதிப்பது.