குறுவட்டம் முதல் டெல்லி வரை: ஒரு ஃபிக்சர் தாளின் கதை

"ஏதாவது எழுதிக் கொடுப்பா, ஆனா இன்ஜினியரிங் மட்டும் வேண்டாம்" என்று மலர்க் குழு அண்ணாச்சி சொல்லிவிட்டார். சரி, கால்பந்து என்று முடிவு செய்தேன். ஆட்டத்தைப் பற்றி அல்ல. போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் பி.டி. சார் வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பாரே, அந்த ஃபிக்சர் தாளைப் பற்றி. நம்மோடு படித்தவர்களில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் வாங்கி வந்தவர்கள் உண்டு. அந்த சீட்டில் அவர்கள் காலுக்கு எவ்வளவு பங்கோ, அந்தத் தாளுக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு என்பது என் கட்சி.

தோற்றால் வெளியே போ என்கிற நாக் அவுட் முறைக்கே மூலம் ஒரு பள்ளிக்கூடம்தான். இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்குள் இப்படி ஆடுவது வழக்கம். அங்கே படித்த சார்லஸ் ஆல்காக் என்பவர் அதை மனதில் வைத்துத்தான் 1871-ல் எஃப்.ஏ. கோப்பைக்கு யோசனை சொன்னார். முதல் வருடம் பெயர் கொடுத்த 15 அணிகளில் டோனிங்டன் பள்ளி என்று ஒரு பள்ளிக்கூட அணியும் இருந்தது. குலுக்கலில் அதற்கு எதிராக வந்தது, தொலைவில் ஸ்காட்லாந்தின் குவீன்ஸ் பார்க். பயணம் ஒத்துவராததால் இரண்டு அணியையும் ஆடாமலே அடுத்த சுற்றுக்கு விட்டார்கள். அடுத்த சுற்றிலும் அதே ஜோடிதான் விழுந்தது! பள்ளி விலகிக்கொண்டது. ஓர் ஆட்டமும் ஆடாமல் அரையிறுதிக்கு வந்த குவீன்ஸ் பார்க், வாண்டரர்ஸ் அணியோடு டிரா செய்தது. மறு ஆட்டத்துக்கு வரக் காசில்லாமல் அதுவும் விலகியது. கோப்பையை வாண்டரர்ஸ் கொண்டு போனது. பஸ் சார்ஜ் புரளாமல் போட்டிக்கே வராத நம்ம ஊர்ப் பள்ளிகள் ஞாபகத்துக்கு வருகிறதா?

இந்தியாவில் 1888-ல் சிம்லாவில் டூரண்ட் கோப்பை தொடங்கியது. நம் பக்கத்துக்கு ஃபிக்சர் வித்தை முறையான பாடமாக வந்ததில், ஹாரி பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. பி.டி. சார்கள் படித்த அந்தக் கணக்கு ரொம்ப எளிது. எத்தனை அணியோ அதில் ஒன்று குறைவாக ஆட்டங்கள். 11 அணி என்றால் 10 ஆட்டம். 11-க்கு மேலே வரும் இரண்டின் அடுக்கு 16. ஆகவே 5 அணிக்கு 'பை', அதாவது முதல் சுற்றில் சும்மா உட்காரலாம். மேல்பாதியில் 6 அணி, கீழ்ப்பாதியில் 5. முதல் பை கீழ்ப்பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல்பாதியின் முதல் அணிக்கு, மூன்றாவது கீழ்ப்பாதியின் முதல் அணிக்கு, இப்படி மாறி மாறி. கம்ப்யூட்டர் படித்தவர்கள் பைனரி ட்ரீ என்று பெருமையாகச் சொல்வதை, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பி.டி. சார் எத்தனையோ வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நம் மாநிலத்தில் படிக்கட்டு இப்படி: முதலில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டம். ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அதற்கு மேல் மாநிலம். குடியரசு தின விளையாட்டு, பாரதியார் தின விளையாட்டு என்ற பெயர்களை மறந்திருக்க மாட்டீர்கள். விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்ஜி பெயரில் 1960-ல் தொடங்கிய சுப்ரதோ கோப்பைக்கு ஏணி டெல்லி வரை நீளும். அங்கே பள்ளி தன் பெயரிலேயே ஆடும். பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிக்கு அப்படியல்ல, பல பள்ளிகளிலிருந்து பொறுக்கியெடுத்த மாநில அணிதான் போகும். அதாவது தோற்ற பள்ளியின் பையனுக்கும் அங்கே ஒரு கதவு உண்டு. ஆனால் தேர்வாளர் கண்ணில் பட வேண்டுமே! 16 அணி நாக் அவுட்டில் 8 அணி ஒரே ஆட்டத்தோடு பையைத் தூக்கிவிடும். அந்த ஓர் ஆட்டத்தில் பந்து வராவிட்டால், அடுத்த வருடம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், படிக்கட்டைக் கட்டியது விளையாட்டுக்காரர்கள் இல்லை, வருவாய்த் துறை! கன்னியாகுமரிக் கடற்கரை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு மைக்கேல் சூசைராஜ் போன்றவர்களைக் கொடுத்திருக்கும் கரை அது. அன்று எல்லைக்கோடு வேறு மாதிரி விழுந்திருந்தால் அவர்கள் கேரளாவின் ஃபிக்சரில் இருந்திருப்பார்கள். தூத்துக்குடி 1986 அக்டோபர் 20 வரை திருநெல்வேலி மாவட்டம். அதுவரை நம்ம பையன்கள் மாவட்ட சாம்பியன் ஆக வேண்டுமென்றால் பாளையங்கோட்டைப் பள்ளிகளைத் தாண்டியாக வேண்டும். சிதம்பரனார் மாவட்டம் என்று தனியாகப் பிரிந்ததும் தனிப் படிக்கட்டு, தனி சாம்பியன். ஒரு அரசாணை எத்தனை பையன்களுக்கு மாநிலப் போட்டிக்கு வழி திறந்தது பாருங்கள். 2019-ல் தென்காசிக்கும் அதுவே நடந்தது.

புது மாவட்டத்துக்குள்ளும் சமநிலை இல்லை. கோவில்பட்டி கரிசல் பக்கம் ஹாக்கி ராஜ்யம். பந்தை உதைப்பது வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு, புன்னைக்காயல் என்று முத்துக்குளித்துறைக் கரைதான். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. மணலும் பந்தும் மட்டும் மிச்சம். ஆனால் சீட்டுப் போடும்போது கரைப் பள்ளிகள் எல்லாம் ஒரே பாதியில் விழுந்துவிட்டால், தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு ஒன்றுதான் இறுதிக்கு வரும். போன வருடம் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களை எதிரெதிர் பாதியில் வைப்பதுதான் இதற்கு மருந்து. அதைக் கட்டாயமாக்க வேண்டும், வெறும் குலுக்கல் போதாது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1920-லிருந்து பள்ளிகளுக்கு மாநில சாம்பியன்ஷிப் நடத்துகிறது (அவர்கள் ஃபுட்பால் வேறு, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது). அங்கே மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரித்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கணக்கைப் புதுப்பிக்கிறார்கள். சின்னப் பள்ளி சின்னப் பள்ளியோடுதான் மோதும். இங்கே 14, 17, 19 என்று வயது வரம்பு மட்டும்தான். மொத்தம் 300 பிள்ளைகள் உள்ள கடலோரப் பள்ளியும், விளையாட்டு விடுதிப் பையன்களைச் சேர்த்து வைத்திருக்கும் நகரத்துப் பள்ளியும் ஒரே தாளில். இது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. குறுவட்டத்திலாவது இரண்டு பிரிவாக வைத்துப் பார்க்கலாம்.

2020-ல் மயிலாடுதுறையோடு 38 மாவட்டம் ஆகிவிட்டது. மாவட்டத்துக்கு ஓர் அணி என்று நேரடியாக நாக் அவுட் போட்டால், முதல் சுற்றில் வெறும் 6 ஆட்டம், 26 அணிக்குப் பை. தாளும் நீளமாகத்தான் வேண்டும். பழைய ஃபிக்சர் தாள் யாரிடமாவது பரணில் கிடந்தால் சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள், ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறேன்.