கட்டளை வரியும் உடைமையும்: கணனிக் கோப்பு முறைமையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கணனியின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவோ மேதைகளின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. பொறியோடு மனிதர் பேசிய மொழி எத்தகைய உழைப்பு நிலைமைகளில் உருவாயிற்று, அம்மொழி யாருடைய உடைமையாயிருந்தது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. கோப்புகளைப் பட்டியலிடல், நகலெடுத்தல், இடம்பெயர்த்தல், நீக்கல் ஆகிய அடிப்படைச் செயல்களுக்குரிய கட்டளைகளை இவ்வினாக்களின் வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1971 இல் அச்சுப்பெற்ற ஒரு கையேட்டிற் காணப்படும் இக்கட்டளைகள் அரை நூற்றாண்டு கடந்தும் ஏறத்தாழ மாறாது வழங்குவதே இவ்வாராய்ச்சிக்குப் போதிய நியாயமாகும்.

1. பகிர்வும் மர அமைப்பும்

நம் நாட்டு அலுவலகங்களில் ஆவணத் தொகுதியைக் 'கோவை' என்பர். கணனித் துறையில் 'கோப்பு' என்னும் சொல் நிலைபெற்றது. இரண்டும் 'கோ' என்னும் ஒரே வினையடியிற் பிறந்தவை. 'பைல்' என்னும் ஆங்கிலச் சொல்லும் நூல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. காகிதங்களை நூலிற் கோத்து வைத்த பழைய அலுவலக நடைமுறையின் சுவடு அதிலுண்டு.

1950களில், துளையிட்ட அட்டைகளை இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டு விளைவுக்காக மணிக்கணக்கிற் காத்திருப்பதே கணனியைப் பயன்படுத்துவோரின் பொதுநிலை. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்ணான்டோ கோர்பற்றோவும் அவருடைய குழுவினரும் 1961 நவம்பரிற் செய்துகாட்டிய நேரப்பகிர்வு முறைமை இந்நிலையை மாற்றத் தொடங்கிற்று. ஒரே பொறியின் நேரத்தைப் பலர் பங்கிட்டுத் தத்தம் முனையத்திலிருந்து கட்டளையிட முடிந்தது. பகிர்வு தோன்றியவுடன் இரு தேவைகள் எழுந்தன. ஒருவருடைய வேலை மற்றவருடையதோடு கலவாது காக்கப்படவேண்டும். வேண்டியவிடத்து அது பிறர்க்கும் எட்டவேண்டும். ஒன்றற்கொன்று முரணான இத்தேவைகளே கோப்பு முறைமையின் வளர்ச்சியை உந்தின எனலாம்.

அந்நிறுவகமும் பெல் ஆய்வுகூடமும் ஜெனரல் இலெக்ற்றிக் கம்பனியும் இணைந்து நடத்திய மல்ரிக்ஸ் திட்டத்துக்காக, டேலி, நியூமன் ஆகிய இருவரும் 1965 இல் முன்வைத்த அமைப்பு அம்முரணுக்கு ஒரு விடையாகும். கோப்புகளைத் தாங்குவது அடைவு. அடைவுக்குள் மேலும் அடைவுகள் அமையலாம். யாவற்றுக்கும் மூலமானது வேர். வேரிலிருந்து கிளை கிளையாகச் செல்லும் பெயர்களின் தொடரே ஒரு கோப்பின் வழியாகும். இருவர் ஒரே பெயரைத் தத்தம் கோப்புகளுக்கு இட்டாலும் வழி வேறுபடுவதால் அவை மோதுவதில்லை.

2. சொற்சுருக்கமும் உழைப்பும்

1969 இல் பெல் ஆய்வுகூடம் மல்ரிக்ஸிலிருந்து விலகிற்று. அவ்வாண்டே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் பீ.டி.பீ.-7 என்னும் சிறு பொறியில் யுனிக்ஸை ஆக்கத் தொடங்கினர். 1971 நவம்பர் 3 ஆந் திகதியிடப்பட்ட அதன் முதற் கையேட்டிலே, அடைவின் உள்ளடக்கத்தைப் பட்டியலிடும் 'எல்எஸ்', நகலெடுக்கும் 'சீபீ', இடமோ பெயரோ மாற்றும் 'எம்வீ', நீக்கும் 'ஆர்எம்', புதிய அடைவு அமைக்கும் 'எம்கேடிர்' ஆகியன இடம்பெற்றுள்ளன.

இவற்றின் குறுமை தற்செயலானதன்று. அன்றைய முனையம் திரையன்று. காகிதத்தில் அச்சிடும் தொலைத்தட்டச்சுப்பொறி. பரவலாக வழங்கிய 33 ஆம் இலக்க மாதிரி செக்கனுக்கு 10 எழுத்துக்களையே அச்சிட்டது. அதன் விசைகளை அழுத்துதலும் எளிதன்று. நாளெல்லாம் அதன் முன் அமர்ந்து உழைத்தோர்க்கு ஒவ்வோர் எழுத்தும் செலவாகும். ஆங்கிலம் அறிந்தவர்க்குங்கூட விளங்காத இச்சுருக்கங்கள், விரல்களின் சிக்கனம் விட்டுச்சென்ற தடங்களாகும்.

அடைவு மாற்றும் கட்டளை பற்றி றிச்சி பதிவுசெய்துள்ள நிகழ்ச்சி ஈண்டு நோக்கத்தக்கது. தொடக்கத்தில் 'சீஎச்டிர்' எனப்பட்ட இதுவே பின்னர் 'சீடி' எனக் குறுகிற்று. ஒவ்வொரு கட்டளையையும் தனியொரு செயன்முறையாகப் பிறப்பித்து இயக்கும் ஏற்பாடு புகுத்தப்பட்டபோது இக்கட்டளை திடீரெனப் பயனற்றுப் போயிற்று. ஆராய்ந்தபோது, பிறப்பிக்கப்பட்ட செயன்முறை தன் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டு உடனே மறைந்ததும், அதனைப் பிறப்பித்த கட்டளைமொழிபெயர்ப்பி நின்றவிடத்திலேயே நின்றதும் புலனாயின. ஆதலின் இவ்வொரு கட்டளையை அம்மொழிபெயர்ப்பியே நேரில் நிறைவேற்றுமாறு செய்தனர், இன்றும் அவ்வாறே.

கற்போர் முதலில் உணரவேண்டிய உண்மை இதிலடங்கியுள்ளது. கட்டளையிடுபவர் எப்பொழுதும் மரத்தின் ஏதோவோர் அடைவில் நிற்கிறார். நிற்குமிடத்தை அறிவிப்பது 'பீடபிள்யூடி'. சாய்கோட்டில் தொடங்கும் வழி வேரிலிருந்து எண்ணப்படும். ஏனையவை நிற்குமிடத்திலிருந்து எண்ணப்படும். இரு புள்ளிகள் மேலுள்ள அடைவைச் சுட்டும். நிற்குமிடம் அறியாது இடப்படும் நீக்கற் கட்டளை பேரிழப்பை விளைவிக்கலாம்.

3. பெயரும் பொருளும்

யுனிக்ஸிற் கோப்பின் பெயர் கோப்பிலே எழுதப்பட்டிருப்பதில்லை. கோப்பின் உரிமையாளர், அளவு, இருப்பு ஆகியவை ஓர் எண்ணிட்ட பதிவிலுள்ளன. அடைவோ பெயரையும் அவ்வெண்ணையும் இணைக்கும் பட்டியல் மாத்திரமே. ஆகவே ஒரு கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம். பெயர் மாற்றலும் அதே வட்டினுள் இடம்பெயர்த்தலும் ஒரே கட்டளையால் நிகழ்வதன் காரணமும் இதுவே. நீக்கல் என்பது பெயரை அகற்றலே. இறுதிப் பெயரும் அகன்று, அதனைத் திறந்துவைத்த செயன்முறையும் இல்லாதவிடத்துப் பொருளுக்குரிய இடம் விடுவிக்கப்படும். அவ்வாறு போனதை மீட்டுத்தரும் குப்பைத்தொட்டி இங்கில்லை.

உடைமை பற்றிய கருத்தும் இப்பதிவிலேயே பொறிக்கப்பட்டது. உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என மூவகையினர். வாசித்தல், எழுதுதல், இயக்கல் என மூவகை உரிமைகள். 'சீஎச்மொட்' என்னும் கட்டளை இவற்றை வழங்கும், மறுக்கும். சமூகத்திற் சட்டம் வகுக்கும் எல்லைகளின் சிறுவடிவம் ஒன்பது குறிகளாக இங்கு நிற்கிறது.

4. அறிவு யாருக்குரியது?

பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளரான ஏ.ரீ. அன்ட் ரீ. கம்பனி, தனியுரிமை எதிர்ப்பு வழக்கொன்றின் முடிவாக 1956 இல் ஏற்ற நிபந்தனைகளால் மென்பொருள் வாணிகத்தில் இறங்க முடியாதிருந்தது. ஆதலின் யுனிக்ஸ் சொற்ப கட்டணத்துக்கு, மூலநிரலோடு, பல்கலைக்கழகங்களை அடைந்தது. சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் அம்மூலநிரலுக்கு மாணவர்க்கென ஓர் உரை எழுதினார். 1979 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம் வகுப்பறையில் மூலநிரலைக் கற்பித்தலைத் தடைசெய்தது. லயன்ஸின் உரை நிழற்பிரதிகளாகக் கைம்மாறிக் கைம்மாறி வாசிக்கப்பட்டு, 1996 இலேயே நூலாக வெளிவந்தது. 1984 இற் கம்பனி பிரிக்கப்பட்டு முன்னைய நிபந்தனைகள் நீங்கவே, யுனிக்ஸ் முழு வாணிகப் பண்டமாயிற்று.

எதிர்வினையும் அக்காலத்திலேயே எழுந்தது. 1983 செப்டெம்பரில் றிச்சாட் ஸ்ரோல்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். கற்பித்தலுக்கென அன்ட்றூ டெனன்போம் 1987 இல் மினிக்ஸை வெளியிட்டார். 1991 இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். இன்று லினக்ஸிற் பலரும் இயக்கும் 'எல்எஸ்', 'சீபீ' ஆகியன க்னூ திட்டத்தில் மீள எழுதப்பட்டவை. சொற்கள் பழையவை, அவற்றின் மீதான உரிமை புதியது.

5. இன்றைய நிலை

1981 இல் ஸெறொக்ஸ் ஸ்ரார், 1984 இல் மக்கின்ரொஷ் ஆகியவை படவுருக்களையும் கோப்புறைகளையும் திரையிற் காட்டிக் கணனியைப் பலருக்கும் எட்டச்செய்தன. இதனை முற்போக்கான விளைவென ஏற்றலே நேர்மையாகும். எனினும் கைப்பேசிகளும் தொலைவழங்கிகளும் மரத்தையே கண்ணிலிருந்து மறைத்துவிட்டன. தம் ஆவணம் எங்குள்ளது, யார் அதனைத் திறக்கலாம் என அறியாத ஒரு தலைமுறை உருவாகின்றது.

கட்டளை வரியில் நமக்கும் பங்குண்டு. 1992 இல் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யூ.ரீ.எவ்.-8 குறியீட்டில், பிறமொழி எழுத்தெதனுள்ளும் சாய்கோட்டுக்குரிய குறி தோன்றாது. அதனாலேயே ஓரெழுத்தை மூன்று 'பைற்று'களாக எழுதும் தமிழ்க் குறிகளும் வழிகளைக் குலைக்காமற் கோப்புப் பெயர்களாகின்றன. தமிழ்ப் பெயரிட்ட அடைவை அமைத்து அதனுள் நுழைவதற்குப் புதிய பொறி எதுவும் வேண்டியதில்லை. நம் ஆய்வேடுகளையும் பழைய இதழ்களின் மின்படிகளையும் பேணும் பணி பெருகிவரும் இந்நாளில், இவ்வெட்டுக் கட்டளைகளையும் நம் மாணவர்க்குப் பயிற்றுதல் தொழிற்பயிற்சியாக மாத்திரம் அமையாது. தம் ஆவணங்களின் இருப்பிடத்தையும் உரிமையையும் தாமே தீர்மானிக்கும் ஆற்றலை அவர்கள் பெறுவதற்கு அது வழிவகுக்கும்.