ஒன்பது முள் துறை: கார்டெக்ட் இணைப்பும் மேலூர் வட்டாரக் கணினி நிலையங்களும்

முன்னுரை

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு இணையம் சென்ற வரலாற்றை எழுதுவோர் கோபுரங்களையும் அலைவரிசைகளையும் அரசின் கொள்கைகளையும் விரிவாகப் பேசுவர். மேசைக் கணினியின் முதுகில், அச்சுப்பொறிக் கம்பிக்கு அருகே இருந்த ஒன்பது முள் கொண்ட ஒரு சிறிய துறை அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. சீரியல் போர்ட் என வழங்கும் அத்தொடர்நிலைத் துறை வழியாகவே மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரச் சிற்றூர்கள் பல 2001 முதல் இணையத்தோடு இணைந்தன. கணினித் தமிழ் 'போர்ட்' என்பதற்குத் 'துறை' என்ற சொல்லைத் தேர்ந்தது பொருத்தமே. ஆற்றில் இறங்கும் இடத்தையும் படகு அணையும் இடத்தையும் குறித்த அச்சொல், வெளியுலகும் கணினியும் சந்திக்கும் இடத்திற்கும் இயல்பாகப் பொருந்துகிறது. அத்துறையைக் கிராம இணைப்பிற்குத் தேர்ந்தது ஒரு பொருளாதார முடிவு என்பதையும், பின்னர் நேர்ந்த தோல்விக்கு அத்துறை காரணமன்று என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தந்தியிலிருந்து கணினிக்கு

தொடர்நிலைத் துறையில் ஓர் எழுத்தின் எட்டு பிட்டுகளும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. எழுத்தின் தொடக்கத்தை அறிவிக்க ஒரு பிட்டும் முடிவை அறிவிக்க ஒரு பிட்டும் சேர்க்கப்படுவதால், எட்டு பிட்டு கொண்ட ஓர் எழுத்து கம்பியில் பத்துப் பிட்டு இடத்தைக் கொள்கிறது. இம்முறை தொலை அச்சுப்பொறிகளிலிருந்து வந்தது. வேகத்தைக் குறிக்கும் 'பாட்' என்னும் அலகும் பிரெஞ்சுத் தந்தியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்ததே. அமெரிக்காவின் மின்னணுத் தொழில் சங்கம் 1960இல் வெளியிட்ட ஆர்.எஸ்.-232 தரம் இவ்விணைப்பின் மின்னழுத்தங்களையும் முள்களின் பணிகளையும் வரையறுத்தது. 1969இல் வந்த அதன் 'சி' திருத்தம் நெடுங்காலம் நிலைத்தது. 1981இல் ஐ.பி.எம். தனிக்கணினி 8250 என்னும் சில்லோடு இத்துறையைத் தாங்கி வந்தது. 1984இல் வந்த ஏ.டி. கணினியில் இருபத்தைந்து முள் ஒன்பதாகக் குறைந்தது.

எளிமையே இத்துறையின் வலிமை. அனுப்ப ஒரு கம்பி, பெற ஒரு கம்பி, பொதுவான நிலக்கம்பி ஒன்று என மூன்று கம்பிகள் இருந்தாலே இரு கருவிகள் பேசலாம். ஆனால் இரு முனைகளும் வேகம், பிட்டு எண்ணிக்கை, சரிபார்ப்பு பிட்டு ஆகியவற்றை முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு முனை 9600 என்றும் மறுமுனை 4800 என்றும் கொண்டால் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். தமிழுக்கு இதில் தனி இடர் ஒன்றும் இருந்தது. ஆங்கில எழுத்துகள் ஏழு பிட்டுக்குள் அடங்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழி உருவான டாப், டாம் ஆகிய குறியேற்றங்களும் அக்காலத்தில் வழங்கிய தகுதரக் குறியேற்றமும் எட்டு பிட்டைச் சார்ந்தவை. பழைய முனையங்களின் வழக்கப்படி ஏழு பிட்டு என அமைத்த கம்பியில் ஆங்கிலம் பழுதின்றிச் செல்லும், தமிழ் சிதையும். எழுத்துருச் சிக்கல் என்று அன்று பயனர் கருதிய சில பழுதுகளின் வேர் இத்தகைய அமைப்பிலும் இருந்திருக்க இடமுண்டு.

கார்டெக்ட்: விலையிலிருந்து தொடங்கிய வடிவமைப்பு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் தொடங்கியது. இணைப்புக்குத் தொலைபேசிக் கம்பியும் மோடமும் தேவைப்பட்டன. சிற்றூர்களில் கம்பியே அரிது. இருந்த கம்பியும் மழைக்காலத்தில் பழுதுறும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோத்தி கன்சால்வஸ் முதலியோர் அடங்கிய டெனெட் குழு இச்சிக்கலை விலையின் பக்கமிருந்து அணுகியது. ஒரு தொலைபேசி இணைப்பைத் தர ஆகும் முதலீடு அன்றைய அளவிலேயே நீடித்தால் மக்களில் மிகச் சிறுபகுதியினரே அதன் கட்டணத்தைத் தாங்க முடியும் என்பது ஜுன்ஜுன்வாலா தொடர்ந்து முன்வைத்த வாதம். அம்முதலீட்டை ஏறத்தாழ 10,000 ரூபாய்க்குக் குறைப்பது குழுவின் இலக்காயிற்று. மைடாஸ் நிறுவனத்தோடும் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் சில்லுகளோடும் உருவான கார்டெக்ட், ஐரோப்பிய டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசித் தரத்தை அடிப்படையாகக் கொண்டது. கட்டடத்திற்குள் பயன்படுத்த வகுத்த ஒரு தரத்தை ஊர்களுக்கிடையே நீட்டியதே அதன் துணிவு.

தடையற்ற நேர்ப்பார்வையில் அதன் நிலையம் 10 கி.மீ. வரையும், இடைநிலை அஞ்சல் நிலையத்தோடு 25 கி.மீ. வரையும் சென்றடையும். இத்தொலைவைச் சென்னையின் தெற்குப் புறநகரில் வைத்துப் பார்க்கலாம். அக்கழக வளாகத்திலிருந்து குன்றத்தூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கி.மீ. வளாகத்தில் நிறுத்திய ஒரு நிலையம் நேரடியாக அவ்வூரை எட்டாது. இடையில் ஓர் அஞ்சல் நிலையம் இருப்பின் எட்டும். முருகன் கோயில் அமைந்த குன்றைப் போன்ற உயரங்கள் நேர்ப்பார்வைத் தொழில்நுட்பத்திற்கு இயற்கையின் கொடை. மேலூர் வட்டாரமோ மலைகளும் கண்மாய்களும் இடையிட்ட நிலம். அங்கு இதே உயரங்கள் துணையாகவும் தடையாகவும் அமையக்கூடும்.

பயனரின் சுவரில் பொருத்திய கருவியில் இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்று சாதாரணத் தொலைபேசிக்கு, மற்றொன்று ஆர்.எஸ்.-232 துறை. கணினி அத்துறை வழியாக நேரே இணையும், மோடம் வேண்டியதில்லை. தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதும் நொடிக்கு 35 கிலோபிட் வேகம் கிடைத்தது. பேச்சு இல்லாதபோது 70 கிலோபிட்.

ஈதர்நெட் இருக்க ஏன் தொடர்நிலைத் துறை என்ற வினா எழலாம். அன்று விற்ற மேசைக் கணினிகளில் பொதுவாக இரண்டு தொடர்நிலைத் துறைகள் தாய்ப்பலகையோடு விலையின்றிக் கிடைத்தன. ஈதர்நெட் அட்டை தனிச் செலவு. சுவர்க் கருவியிலும் அதற்கான சுற்று கூடுதல் செலவு. இரு முனையிலும் சேமிக்கக்கூடிய தொகையைச் சேமித்ததே இத்தேர்வு. வேகமும் போதுமானதாக இருந்தது. மேசைக் கணினித் துறையின் உச்ச வேகம் நொடிக்கு 1,15,200 பிட்டு. தொடக்க, முடிவு பிட்டுகளைக் கழித்தால் 92,160 பிட்டு பயன்படும்; இது 70 கிலோபிட்டுக்கு மேல். அடுத்த கீழ்ப்படியான 57,600இல் வைத்தால் 46,080தான் எஞ்சும். 35க்குப் போதும், 70க்குப் போதாது. உச்ச வேகத்தில் ஓர் எழுத்து ஏறத்தாழ 87 மைக்ரோநொடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கும். பழைய 8250 சில்லு ஒரே ஓர் எழுத்தையே தாங்கும். கணினி வேறு வேலையில் இருந்தால் அடுத்த எழுத்து அதன்மேல் விழுந்து அழியும். பதினாறு எழுத்துகளைத் தேக்கிவைக்கும் 16550 சில்லு பரவிய பின்னரே இவ்வேகம் நம்பத்தக்கதாயிற்று. கார்டெக்டின் காலம் அதற்குப் பின் வந்தது. இது ஒரு வரலாற்று நல்வாய்ப்பு.

மேலூர்

2001இல் டெனெட் குழு, எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம், ஹார்வர்டின் பன்னாட்டு வளர்ச்சி மையம் ஆகியவற்றின் ஒத்துழைப்பில் சாரி என்னும் திட்டம் மேலூர் வட்டாரத்தில் தொடங்கியது. நிலையங்களை என்-லாக் நிறுவனமும், ஒரு பகுதியைத் தானம் அறக்கட்டளையும் நடத்தின. கணினி, சுவர்க் கருவி, அச்சுப்பொறி, இணையக் கேமரா, மின்காப்புக் கருவி, இந்திய மொழி மென்பொருள் எல்லாம் சேர்ந்து ஒரு நிலையத்தை ஏறத்தாழ 50,000 ரூபாயில் அமைக்கலாம் என்பது என்-லாக்கின் கணக்கு. ஊரைச் சேர்ந்த ஒருவரே கடன் பெற்று நிலையத்தை நடத்துவார். அவருக்குச் சிறு நகரத்திலுள்ள வட்டாரச் சேவையாளர் துணை நிற்பார்.

இணைப்பின் வேகம் அங்கு எதற்குப் போதுமானதாக இருந்தது என்பதைக் கணக்கிட்டறியலாம். 6,000 பைட் அளவுள்ள ஒரு தமிழ்ப் பக்கம் 35 கிலோபிட்டில் ஒன்றரை நொடிக்குள் வந்துவிடும். 30,000 பைட் அளவுள்ள ஒரு படம் செல்ல ஏழு நொடி போதும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு நிலையத்தின் கேமராவில் எடுத்த கண்ணின் படத்தை அனுப்பி, நோயாளி நேரில் வரவேண்டுமா எனக் கேட்டறியும் முறை இவ்வேகத்திலேயே நடந்தது. ஒருநாள் கூலியை இழந்து மதுரைக்குப் பேருந்தேறும் முதியவருக்கு அவ்விடையின் மதிப்பு பெரிது. வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சாதி, வருமானச் சான்றிதழ் விண்ணப்பங்களும் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் வேண்டுகைகளும் நிலையங்கள் வழியே சென்றன.

நிலையங்களுள் பல நீடிக்கவில்லை. ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகியோர் 2006, 2008 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கான காரணங்களைத் தெளிவுபடுத்துகின்றன. வருவாய் செலவுக்குப் போதவில்லை. பழுதுநீக்கும் துணை உரிய காலத்தில் கிடைக்கவில்லை. பயிற்சி பெற்ற அலுவலர் மாற்றலாகிச் சென்றபின் மின்னாளுகைச் சேவை தளர்ந்தது. இவற்றுள் கடைசிக் காரணமே மிகுந்த கவனத்திற்குரியது. விண்ணப்பம் கிராமத்திலிருந்து நொடிகளில் அலுவலகத்தை அடைந்தது. அங்கு அதைத் திறந்து பார்க்க வேண்டியவர் இல்லையெனில் வேகத்தால் பயனில்லை. அப்போது நிலையத்தார் ஊராருக்குச் சொல்ல வேண்டிய விடை ஏதும் அவர் கையில் இல்லை. தொழில்நுட்பத் தோல்வியென இதனைச் சிலர் எழுதிச் செல்வது சான்றுகளோடு பொருந்தவில்லை. இதற்கிடையே கைபேசிக் கட்டணங்கள் சரிந்ததால் நிலையங்களின் தொலைபேசி வருவாயும் பொருளிழந்தது.

எடைமேடைகளில் எஞ்சிய துறை

யு.எஸ்.பி. தரம் 1996இல் வெளிவந்தது. அடுத்த பத்தாண்டில் புதிய மேசைக் கணினிகளின் முதுகிலிருந்து ஒன்பது முள் துறை படிப்படியாக மறைந்தது. இணையத்திற்காக அத்துறையைத் தேடுவோர் இன்று இல்லை. எனினும் சரக்குந்துகளை எடைபோடும் எடைமேடைகளில் அது வாழ்கிறது. மேடையின் கீழுள்ள சுமையுணரிகளின் குறிகையை எடைகாட்டும் பெட்டி எண்ணாக மாற்றி, ஆர்.எஸ்.-232 கம்பி வழியாக அறையிலுள்ள கணினிக்கு இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கும். எடையை எவரும் தட்டச்சு செய்வதில்லை என்பதே இவ்வமைப்பின் சமூகப் பொருள். மணலோ ஜல்லியோ ஏற்றிவந்த ஓட்டுநரும் வாங்குபவரும் ஒரே சீட்டை ஏற்பது, எண் கருவியிலிருந்து நேரே வந்தது என்ற நம்பிக்கையாலேயே.

இங்கும் பழைய ஒப்பந்தங்கள் தொடர்கின்றன. பெட்டி எந்த வேகத்தில் அனுப்புகிறதோ அதே வேகத்தைக் கணினியில் அமைக்க வேண்டும். கணினியில் துறை இல்லாதபோது யு.எஸ்.பி. மாற்றி ஒன்றைச் செருகுகின்றனர். மென்பொருள் அதனைப் பழைய 'காம்' துறை என்றே எண்ணிக்கொள்கிறது. அறையைத் துப்புரவு செய்தவர் மாற்றியை வேறு செருகுவாயில் பொருத்திவிட்டால், விண்டோஸ் அதற்கு வேறு 'காம்' எண்ணை வழங்கிவிடுவதுண்டு. அப்போது வண்டி மேடையில் நிற்கும்; பெட்டியில் எடை ஒளிரும்; கணினித் திரை மட்டும் வெறுமையாக இருக்கும்.